சுவருக்குள் தண்டவாளம்

கதவைத் திறந்ததும் ஹபீப் முஹம்மதுவின் செருப்பு தண்ணீரில் மிதந்தது. முந்தின சாயங்காலம் அடுக்கிய ஐஸ் பாளங்கள் பாதியாக இளைத்திருந்தன.

மரக்காணத்தில் மீன் எடுத்து மெட்ராஸுக்கு லாரியில் அனுப்புகிறவர் அவர். எழுபத்தாறாம் வருஷக் கோடைக்கென்றே இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவே உமியை நிரப்பி இந்த ஐஸ் அறையைக் கட்டியிருந்தார். போன வாரம் ஐஸ் போதாமல் ஒரு லாரி இறால் நாறிப்போனது.

"இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா எங்க மீனு வேற ஆளுக்குப் போயிடும் பாய்," என்று சொல்லிவிட்டார் படகுக்காரர் சிங்காரம்.

ஹபீப், கொத்தனார் கலியபெருமாளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு சுவரும் தனித்தனியா ஆடுது பாய். இடுக்குல வெயில் பூந்துடுது. கம்பி குடுத்து இறுக்கிட்டா சரியாயிடும்."

இரண்டு சுவரையும் துளைத்துக்கொண்டு இரும்புக் கம்பிகள் பாய்ந்தன. ஐஸ் இன்னும் வேகமாகக் கரைந்தது.

"கம்பி சன்னமாப் போச்சு. தண்டவாளம் போடணும்," என்றார் கலியபெருமாள்.

பழைய தண்டவாளத் துண்டுகள் வந்தன. ஒரு முனை வெளியே உப்பளத்து வெயிலில். மறுமுனை உள்ளே ஐஸுக்குப் பக்கத்தில். இப்போது கதவுக்கடியில் ஓடையே ஓடியது.

"மீனை ஐஸ்ல வெக்கிறீங்களா, நீந்த விடுறீங்களா?" என்று கேட்டாள் மனைவி கரீமா.

வெறுத்துப்போய் வெளிச்சுவரில் சாய்ந்த ஹபீப் துள்ளி எழுந்தார். முதுகில் பட்ட தண்டவாள முனை தோசைக்கல்லாகக் கொதித்தது. உள்ளே ஓடினார். அதன் மறுமுனையைத் தொட்டிருந்த ஐஸ் மட்டும் பானைபோலக் குழிந்திருந்தது.

"கரீமா, வெயில் தானா வரல. நாமதான் பாலம் போட்டுக் கூட்டியாந்திருக்கோம்."

கலியபெருமாள் இடுப்பு வலி என்று வராமல் இருந்துவிட்டார். ஹபீப் தானே இரும்பையெல்லாம் பிடுங்கி, ஓட்டைகளில் மரக்கட்டையும் உமியும் வைத்து அடைத்தார். சுவர்களுக்கு நடுவே அமுங்கி இறங்கிப்போயிருந்த உமியையும் மேல்வரை நிரப்பினார்.

ஐஸ் நின்றது. சிங்காரத்தின் இறால் கெடாமல் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. ஐஸ் அறையின் தரை காய்ந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்தவர், ஐஸ் அறையின் பின்பக்கம், கரைந்த தண்ணீர் வெளியேறும் தூம்பருகே தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு நிற்பதைப் பார்த்தார். முன்னால் நின்றவள் கலியபெருமாளின் மனைவி முத்தம்மாள்.

"என்னம்மா விஷயம்?"

"நம்ம பக்கம் கெணறெல்லாம் உப்புங்க பாய். உங்க ஐஸ் தண்ணியிலதான் தெருவே சோறாக்குது. தண்ணி பத்தலன்னு நாங்க நச்சரிச்சுத்தான் எங்க வூட்டுக்காரரு கம்பிய எடுத்துட்டுத் தண்டவாளமே போட்டாரு."