வச்சிடறேன், அண்ணி

சாப்பாட்டு மேஜையில் கிடந்த மனைவியின் போனை, தண்ணீர் ஜாடிக்கு இடம் பண்ண நகர்த்தியபோதுதான் அப்டேட் என்று பெயரெடுத்த அவர் கவனித்தார். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 'அண்ணி' என்று இருந்தது. மனைவிக்கு அண்ணி என்றால் அவருக்குச் சொந்த அக்கா.

வாய்க்குள் போன கவளம் பாதி வழியில் நின்றுவிட்டது. இவ்வளவு நேரமும் அவர் அந்த அக்காவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"மரக் கதவு போட்ட டிவியை இந்தக் காலத்துல யாராவது ஹால்ல வச்சிருப்பாங்களா? ஓடவும் ஓடாது. எங்க அக்காவுக்குப் புதுசுன்னு எதுவும் மண்டையில ஏறாது. அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழட்டும்." இவையெல்லாம் அவர் சற்று முன்பு உதிர்த்த முத்துக்கள்.

பதறிப்போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"நீ கட் பண்ணலையா?"

"வச்சேனே" என்றாள் மனைவி.

"எங்க வச்சே?"

"மேஜை மேல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்றுதான் அவர் நினைத்தார். பழைய காலத்து மனுஷி. 'வச்சிடறேன், அண்ணி' என்று சொல்லிவிட்டுப் போனை நிஜமாகவே வைத்துவிடுகிறாள். பொத்தானை அழுத்த வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு இந்த ஜென்மத்தில் வராது போலிருக்கிறது.

அப்டேட் என்பது அவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் அவருக்கு வைத்த பெயர். பவர் பார்க்க வருகிறவர்களுக்கு அவர் பவரையும் பார்ப்பார், போனையும் பார்ப்பார். "கிட்டப் பார்வை கொஞ்சம் ஏறியிருக்கு சார். அதை விடுங்க, இன்னும் இந்த மாடலையா வச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தால் லேசில் ஓயமாட்டார். கேமராவில் எத்தனை லென்ஸ் வேண்டும், டிவியைச் சுவரில் எந்த உயரத்தில் மாட்ட வேண்டும், ஸ்பீக்கரை எந்த மூலையில் நிறுத்தினால் இடி இடிக்கும், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர் போனை மாற்றிக்கொண்டு கண்ணாடி இல்லாமலே போனதும் உண்டு.

போன் வைப்பது பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. "வச்சிடறேன், வச்சிடறேன்னு இன்னும் சொல்றாங்க பாருங்க. ரிசீவரும் போச்சு, அதை வைக்கிற கொக்கியும் போச்சு. எதை எங்க வைக்கிறீங்க? வார்த்தையையும் அப்டேட் பண்ணணும் சார்."

ஆனால் இவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அக்கா வீட்டில்தான். தெருவுக்கே முதலாக வந்த அந்த மரக் கதவு டிவி, அக்கா தன் சம்பளத்தில் வாங்கியது. படம் புள்ளி புள்ளியாகப் போனால் இவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துத் திருப்புவார். கீழே ஜன்னலிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள். "வருது... வருது... போச்சு. இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம். ஆங், அப்படியே நில்லு." அப்படியே நிற்பார். படம் கீழே எல்லாரும் பார்ப்பார்கள். இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வசனம் மட்டும் கேட்பார். அதற்கு இணையான சுகத்தை இன்றைய எந்த ஸ்பீக்கரும் அவருக்குக் கொடுத்ததில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட அக்காவின் காதில் அந்தப் பேச்சு விழுந்துவிட்டது. மாமா காலமான பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கிறவள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போன் பண்ணுகிறவள். இனிமேல் இப்படி நடக்கவே கூடாது என்று முடிவெடுத்து, மனைவியின் போனில் ஒரு வசதியைப் போட்டார். போனைக் கவிழ்த்து வைத்தால் அழைப்பு தானாகத் துண்டிக்கப்படும்.

மறுநாள் ராத்திரி அக்கா கூப்பிட்டாள். பேச்சு வழக்கம் போல ஓடியது. "வச்சிடறேன், அண்ணி" என்று மனைவி போனைக் கவிழ்த்தாள். டக்கென்று கட் ஆனது. அப்டேட் மார்பை நிமிர்த்தினார்.

உடனே திரும்ப மணி அடித்தது.

"ஏன்மா கட்டாச்சு?" அக்காவின் குரல் அவருக்கும் கேட்டது.

"உங்க தம்பி ஏதோ பண்ணியிருக்காரு, அண்ணி."

"ஓ, அவன் பண்ணினதா. சரி" என்றாள் அக்கா.

அந்தச் 'சரி' அவருக்குத் தெரிந்த சரி. அக்கா ஆசையாக வாங்கிய டேப் ரெக்கார்டரை ஸ்க்ரூ டிரைவரால் பிரித்துப்போட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தபோதும் அவள் இதே சரியைத்தான் சொன்னாள். அக்கா திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அந்தச் சரியைத்தான் தாங்க முடியாது.

"எல்லாத்தையும் கேட்டிருக்கா. கோபம்தான்" என்றார்.

"அதெல்லாம் இருக்காது. நீங்க போனை முன்ன மாதிரி ஆக்கிக் குடுங்க" என்றாள் மனைவி.

அது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த நாள் அவள் போனை மல்லாக்க வைத்தாள். அழைப்பு பாட்டுக்கு ஓடியது.

"கவுத்து வைன்னு சொன்னேன்ல?"

"கண்ணாடி கீறல் விழுதுங்க."

அதற்கென்றே ஒட்டும் படலங்களைப் பற்றி அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அவள் நடுவில், "இன்னிக்குக் கடையில என்ன நடந்துச்சு? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்" என்றாள். கொஞ்ச காலமாகவே அவள் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லச் சொல்கிறாள், டிவியையும் அலற விடுகிறாள். காது மந்தமாகிறது, பாவம், என்று அவர் நினைத்துக்கொண்டார். சட்டென்று நினைவு வந்து எட்டிப் போனைக் கட் பண்ணினார்.

கையை நம்பிப் பிரயோஜனமில்லை, வாயை நம்பலாம் என்று அடுத்த ஏற்பாடு. 'வச்சிடறேன்' என்று சொன்னாலே அழைப்பைத் துண்டிக்கும்படி போனுக்குக் கற்றுக்கொடுத்தார். போன் மகா புத்திசாலி. வை, வச்சு, வச்சி எல்லாம் ஒரே குடும்பம் என்று தானாகப் புரிந்துகொண்டது.

அன்று ராத்திரி மணி அடித்ததும் அவரே எடுத்தார்.

"அக்கா, நான் அன்னிக்கு ஏதோ உளறிட்டேன். அதை மனசுல வச்சு..."

கட்.

அவரே திரும்பக் கூப்பிட்டார். "லைன் போயிடுச்சுக்கா. உங்க மேல நான் எவ்வளவு மரியாதை வச்சி..."

கட்.

இந்த முறை அக்காவே கூப்பிட்டாள். "என்னடா விளையாடறியா? என்னை என்னன்னு நினைச்சுக்கிட்டு வச்சு வச்சு..."

கட். பெரியவர் சின்னவர் பார்க்காத போன்.

மறுநாள் அக்கா கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. இவர்கள் கூப்பிட்டால் மணி மட்டும் போனது. மனைவி டிவியைப் போடாமல் சாப்பிட்டாள். போன் மேஜை நடுவில் சும்மா கிடந்தது.

"நல்லா இருந்த போனுங்க" என்றாள்.

அப்டேட்டுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா பேசாமல் போய்விட்டால் அப்புறம் இந்த உலகத்தில் எந்தக் கருவி இருந்து என்ன? போனிலிருந்து அந்தக் கட்டளையை நீக்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று, சுவர் டிவியில் வீடியோ அழைப்பு போட்டார். நாலு மூலை ஸ்பீக்கரும் உயிர் பெற்றன.

நல்ல வேளையாக அக்கா எடுத்தாள். எடுத்து, வழக்கம் போலப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். சுவர் முழுக்க ஒரு காது தெரிந்தது. சிவப்புக் கல் தோடு போட்ட, அவர் சின்ன வயதிலிருந்தே அறிந்த காது.

"அக்கா, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

"நல்லாத்தான் கேக்குது. சொல்லு."

அவர் காதைப் பார்த்தே பேசினார். "அந்த டிவியைப் பத்திப் பேசினது தப்புக்கா. நீங்க இல்லாம நான் இல்ல. மன்னிச்சிடுங்க."

நாலு மூலையிலிருந்தும் அக்காவின் குரல் வந்தது. "அதெல்லாம் கிடக்கட்டும். நீ முதல்ல போனை வை..."

சுவர் இருண்டது. போனில் நீக்கிய கட்டளையை, அதோடு இணைத்திருந்த டிவி முன்பே மனப்பாடம் பண்ணியிருந்தது. ஆனால் அப்டேட் அதை யோசிக்கும் நிலையில் இல்லை.

"போனை வைன்னு சொல்லிட்டா" என்றார். குரல் உடைந்திருந்தது. "பிறந்ததுலேர்ந்து என்கிட்ட அப்படிச் சொன்னதில்ல."

மனைவி அவரையே பார்த்தாள். "நேர்ல போய்ட்டு வாங்க. கையில எந்த மிஷினையும் எடுத்துக்கிட்டுப் போகாதீங்க."

விடுமுறையன்று முதல் பஸ்ஸில் கிளம்பினார். வழியில் பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ பழைய போனை நோண்டிக்கொண்டிருந்தார். அப்டேட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அளவுக்கு மனசு விட்டுப்போயிருந்தது.

அக்கா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ஹாலில் அந்த டிவி அதே மூலையில் நின்றது. அவர் மரக் கதவைத் தொட்டு இழுத்தார். கர்ரென்று அதே சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் தெருப் பிள்ளைகள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து உட்காருவார்கள்.

டிவியின் தலைமேல் மடித்த துணி, துணியின்மேல் அக்காவின் போன், சார்ஜரோடு. எதிரே ஒரு நாற்காலி. நாற்காலிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற ஸ்டூல். படமே வராத பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து யார் சாப்பிடுவார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். "வாடா. சாப்பிட்டியா?"

"அக்கா, என்னை நாலு அறை அறைஞ்சிடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

"பேசப் பேசக் கட்டாச்சு, அதான் ரெண்டு நாள் எடுக்கல. எதுக்கு அறையணும்?"

"இந்த டிவியைப் பத்திச் சொன்னதுக்கு."

"அது ஓடலைதானே? நீ சொன்னதுல என்ன பொய்? மண்டையில ஏறாதுன்னே, அதுவும் நிஜம்தான்." அக்கா சிரித்தாள். "இதைவிட எவ்வளவோ கேட்டிருக்கேன். போன மாசம் நீ முதலாளியைத் திட்டினது, ரிமோட் மேலயே உக்காந்துக்கிட்டு வீடெல்லாம் ரிமோட்டைத் தேடினது, எல்லாம்."

அப்டேட் விழித்தார். மனைவி எத்தனை நாளாகப் போனைக் கட் பண்ணாமல் விட்டிருக்கிறாள் என்று நினைக்கவே அவருக்குக் காது சுட்டது.

"அவளுக்குக் கட் பண்ணத் தெரியலக்கா. அதான் நான் சரி பண்ணினேன். ஆனா கோபம் இல்லைன்னா எதுக்கு என்னைப் போனை வைன்னு சொன்னீங்க?"

அக்கா ஸ்டூலைத் துடைத்து, அவருக்குத் தட்டைப் போட்டாள்.

"முன்ன மாதிரி மேஜை மேல வைடான்னு சொல்ல வந்தேன், மாமா போனதுலேர்ந்து நான் தனியாச் சாப்பிடக் கூடாதுன்னு உன் பொண்டாட்டி தினமும் உங்க வீட்டுச் சத்தத்தை எனக்கு வச்சிட்டுப் போறா, அதைத்தாண்டா நீ ரிப்பேர் பண்ணிட்டே."