சலவைக்கடையின் அவசரகாலப் பயிற்சி

அடுத்த தெருத் தையற்கடையில் தண்ணீர்க் குழாய் வெடித்து, நான்கு நாள் கடை மூடிக் கிடந்தது. செய்தி காதில் விழுந்த அன்றே, எந்த இடர் வந்தாலும் தம் கடை ஒரு மணி நேரம்கூட மூடப்படாது என்று சலவைக்கடைக்காரர் தீர்மானித்தார். தீர்மானத்துக்கென்று நூறு பக்க நோட்டு ஒன்றும் வாங்கினார். தீப்பிடித்தால் இரண்டு மணல் வாளி. மின்சாரம் போனால் கரி போடும் இஸ்திரிப் பெட்டி. தண்ணீர் நின்றால் பின்கட்டில் இரண்டு பீப்பாய். வெள்ளம் புகுந்தால் துணிகளை மாடிக்கு ஏற்றக் கயிறும் கப்பியும். எழுதியதில் குறை சொல்ல இடமில்லை. கையெழுத்துகூட அழகாகவே இருந்தது.

திரைக்கு அப்பால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி, நோட்டை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள்.

"எல்லாம் சரிங்க. நீங்க படுத்துட்டா?"

"நான் எதுக்குப் படுக்கப் போறேன்?"

"நாளைக்கே தீப்பிடிக்கும்னா மணல் வாளி வெச்சீங்க?"

கேள்வி நியாயமானது. அந்தக் கடையில் எந்தத் துணி யாருடையது என்பதற்கு அவர் சீட்டும் வைத்ததில்லை, எண்ணும் வைத்ததில்லை. எல்லாம் தம் தலைக்குள்ளே இருக்கிறது என்பார். வாசலில் ஆள் தெரிந்ததும், "டீச்சரம்மா, ஊதாப் போர்வை ரெண்டு!" என்று முழங்குவார். வந்தவர் முகத்திலிருந்து பார்வையைத் திருப்பாமலே கையைப் பின்னால் திரைப்பக்கம் நீட்டுவார். மறுநொடி போர்வை கையில் இருக்கும். பார்த்தவர்கள் வியந்துபோவார்கள். மற்றவர்கள் சோறு தின்று உயிர் வாழ்ந்தார்கள் என்றால், அவர் அந்த வியப்பைத் தின்று வாழ்ந்தார். துணிகளுக்கு எண் கட்டலாமே என்று மனைவி முன்னொரு நாள் சொன்னதற்கு, "கட்டினா அப்புறம் எனக்கு என்ன மரியாதை?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போதும் அவர் அசரவில்லை.

"சரி, நாளைக்கு நான் இல்லேன்னு வெச்சுக்க. நீ கடையைப் பாரு. கடை நின்னு போச்சுன்னா எண் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது."

"நடந்துடுச்சுன்னா?"

"எங்க நடக்கப் போகுது?"

"நடந்தா எண் கட்டணும்னு நோட்டுல எழுதிடுங்க."

எழுதினார். தோற்க மாட்டோம் என்று நம்புகிறவர்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பார்கள்.

மறுநாள் மாடி ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, கூச்சல் கேட்பதற்காகக் காத்திருந்தார். ஒன்பது மணிக்குள் கேட்டுவிடும் என்பது அவர் கணிப்பு. டீச்சரம்மா உள்ளே போனார். போர்வையோடு வெளியே வந்தார். தபால்காரர் போனார், தம் சட்டையோடு வந்தார். ஒருவர் குரலும் உயரவில்லை. அதைவிடக் கொடுமை, அண்ணாந்து மாடியைப் பார்த்து, "அவர் எங்கே?" என்று கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினொரு மணிக்குமேல் பொறுக்க முடியவில்லை. பின்வாசல் வழியாக இறங்கி, சந்து வழியே சுற்றிக்கொண்டு வந்து, பிறர் துணியைக் கேட்டு அவளைத் தடுமாற வைக்கலாம் என்று வாடிக்கையாளரைப் போலத் தம் கடை வரிசையிலேயே நின்றார்.

"சொல்லுங்க," என்றாள் மனைவி, முன்பின் பார்த்திராதவரிடம் பேசுவதைப்போல.

"என் கோட்டு. சாம்பல் கலர்."

"உங்களுக்கு ஏதுங்க கோட்டு?"

"வர்றவங்களை இப்படித்தான் விசாரிப்பியா? அதோ தொங்குது பாரு."

"அப்படியா? எதுக்கும் போட்டுக் காட்டிடுங்க."

அவர் போட்டார். அதாவது, இரண்டு கைகளையும் நுழைத்தார். அதற்குமேல் உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. முதுகுத் தையல் முனகியது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. பிரிஞ்சா நாமதான் தைச்சுக் குடுக்கணும்."

"அது என்னோடது மாதிரி தெரியுதே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வரிசையில் அடுத்து நின்றவர், ஊசிபோல் மெலிந்த பல் டாக்டர்.

"உங்களோடதுதான் டாக்டர்." அவள் கணவரின் கழுத்துப் பட்டியை மடக்கிக் காட்டினாள். உள்பக்கத்தில் நக அளவு வெள்ளைத் துணி. அதில் சிவப்பு நூலால் ஓர் எண். "நாப்பத்தொண்ணு."

ஒரு கையை மனைவியும் மறுகையை டாக்டரும் பிடித்து இழுத்தார்கள். டாக்டர் பிடுங்கிப் பழகியவர். தையலுக்குச் சேதமில்லாமல் ஆள் வெளியே வந்தார். டாக்டரும் கோட்டோடு கிளம்பினார்.

"இதெல்லாம் எப்ப கட்டின?"

"மூணு மாசம் ஆச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டேனே. வேண்டாம்னீங்க. அப்புறம்தான் கட்டினேன்."

"அப்ப, நான் இத்தனை நாள் ஞாபகமா எடுத்துக் குடுத்தது?"

"நீங்க கையை நீட்டுனீங்க. நான் என் எண் நோட்டைப் பாத்து அதுல துணியை வெச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி தினமும் ரெண்டு பேராவது அடுத்தவங்க சட்டையோட திரும்பி வந்தாங்க. நீங்க சாப்பிடப் போற நேரமாப் பாத்து நான்தான் மாத்திக் குடுப்பேன்."

அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். திட்டம் வகுத்தவர் என்ற பெருமையாவது மிஞ்ச வேண்டுமே என்று தம் நூறு பக்க நோட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எப்படியோ, முதலாளி இல்லாத அவசரகாலப் பயிற்சி ஒரே நாள்ல வெற்றி. எழுதிக்கிறேன்."

"மூணு மாசம்னு எழுதுங்க," என்றாள் அவள். "கடை முன்னாடியே நீங்க உக்காந்திருந்ததால உங்களுக்குத் தெரியலை."