பாதுகாக்கப்பட்ட ஓட்டை

பசறைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமியின் கூரையில் ஒரு ஓட்டை இருந்தது. கூரையில் ஓட்டை இருப்பது எங்களுக்கு அதிசயமில்லை. அது சினிமாவில் நடித்த ஓட்டை என்பதுதான் விசேஷம்.

எழுபதுகளில் யாரோ ஒரு புண்ணியவான், பத்திரிகையில் வாராவாரம் வந்த 'சட்டித்தலையன்' என்ற சித்திரக்கதையைப் படமாக்கினாராம். ஒழுகும் வீட்டில் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரியும் ஒருவனின் கூத்து அது. செயற்கை மழைக்கு வசதியில்லாததால், மழை தானாகவே உள்ளே வரும் வீடாகத் தேடி இங்கே வந்தார்கள். எடுத்தார்கள், போனார்கள். படம் ஓடவில்லை. ஓட்டை மட்டும் நிலைத்தது.

இப்போது பழைய படம் பார்ப்பது நாகரிகமாகிவிட்டதே. சட்டித்தலையனை யாரோ தூசி தட்டி போனில் ஏற்றிவிட, பதுளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பிள்ளைகள் வந்து, அந்த ஓட்டைக்குக் கீழே சட்டியோடு நின்று படம் பிடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, பல வருசம் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு நடந்த ஜெயலெட்சுமிக்குப் புதுத் தகரம் வந்து தோட்டத்து ஸ்டோரில் இறங்கியது. மகள் துஷாந்தினி பேறுகாலத்துக்கு வரப்போகிறாள். மார்கழி மழைக்கு முன்னால் கூரையை மாற்றியாக வேண்டும்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்குமுன், பண்பாட்டு அலுவலர் புவனேந்திரன் ஐயா வந்து நின்று அறிவித்தார்.

"மேற்படி ஓட்டை இன்று முதல் பாதுகாக்கப்பட்ட ஓட்டை. அதை அடைப்பதோ, சிறிதாக்குவதோ, அதன் மாண்பு குறையப் பேசுவதோ கூடாது."

"மழை பேஞ்சா புள்ளத்தாச்சி எங்கங்கய்யா படுக்கிறது?" என்றாள் ஜெயலெட்சுமி.

"படத்தில் எங்கே படுத்தார்களோ அங்கேதான், அம்மா."

"அவங்க நடிச்சிட்டு பஸ் ஏறிப் போயிட்டாங்கய்யா."

"நீங்களும் நடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்."

பெரட்டில் எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடவே சிரித்தேன்.

ஆனால் நாளாக ஆக எனக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டு வாசலில் எந்த நேரமும் கூட்டம். என்னிடம் வழி கேட்கத்தான் நின்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு என் கூரையில் ஏறினேன். நல்ல தகரம், போன வருசம் போட்டது. குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், லயம் நெடுக ஒவ்வொரு கூரையிலும் ஒரு ஆள் குனிந்திருக்கிறான்.

பெயர்ப்பலகை மாட்ட வந்த புவனேந்திரன் ஐயா திகைத்துப் போனார். வீட்டுக்கு வீடு ஓட்டை.

"இதில் அசல் எது?" என்றார்.

"எங்க வீட்டுது இல்லீங்கய்யா," என்றாள் ஜெயலெட்சுமி, கொஞ்சமும் தயங்காமல். "கணபதி அண்ணே வீட்டுதுதான். என்னண்ணே, சொல்லுங்க."

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைக்காகத்தானே கூரையில் ஏறினேன். "ஆமாங்கய்யா," என்றேன்.

ஐயா என் ஓட்டையை அண்ணாந்து பார்த்து உருகினார். "அன்றைக்குச் செய்த வேலையின் நேர்த்தியே தனி. அந்தம்மா வீட்டு ஓட்டையைப் பார்த்தாலே புதுசு என்று தெரிகிறது." பலகை என் வாசலில் ஏறியது. ஸ்டோர் திறந்து, அன்று மாலையே ஜெயலெட்சுமியின் கூரை மாறியது.

மார்கழி மழை தாமதமில்லாமல் வந்தது. துஷாந்தினிக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் காய்ந்த பாயில் சுகமாகத் தூங்குகிறார்கள். மற்றவர்களுடையவை பாதுகாக்கப்படாத ஓட்டைகள் என்பதால் அவர்கள் தகரத்துக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை. விண்ணப்பித்துவிட்டு, ஜெயலெட்சுமி காத்திருந்த மாதிரியே காத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த உரிமையும் இல்லை. ஐயாவிடம் போய் அழுதேன். "நடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், கணபதி," என்றார்.

நேற்று ஜெயலெட்சுமி வந்து ஒரு பெரிய சட்டியை என் வாசலில் வைத்தாள்.

"இத நீங்களே வச்சுக்கங்கண்ணே. எங்களுக்கு இனிமே தேவப்படாது."

தலைக்கு அளவாகத்தான் இருக்கிறது.