நாளாகக் கருதப்படாது

(தேதி போடவில்லை. காரணம் உள்ளே.)

என் மதிப்புக்குரிய அக்கா ஆர்டிஸுக்கு, தலைநகரிலிருந்து தம்பி மெரில் பணிவுடன் எழுதுவது. நான் இங்கே உடம்பளவில் சுகம். அயோவாவில் நீயும் அத்தானும் சோளக்காடும் பன்றிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரிட்டா சுகமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை, ஆனாலும் கேட்கிறேன். ஒரு வாரமாக, ஒரே ஒரு தடவை தவிர, நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

நடந்ததை நீ பேப்பரில் படித்திருப்பாய். என் வாயாலும் கேட்டுவிடு. அதிபர் சபை உறுப்பினர்களான எங்கள் யாரையும் கேட்காமல் கடலுக்கு அப்பால் குண்டு போட ஆரம்பித்து, 'இது போர் இல்லை, நடவடிக்கை' என்று சொல்லிவிட்டு, உன் மகள் பிரிட்டா வேலை பார்க்கும் போர்க்கப்பலையும் அங்கே அனுப்பினாரே, அன்றைக்கே நீ நம்ம ஊரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "ஏன்டா மெரில், சண்டை போடலாமா வேணாமான்னு சொல்ற வேலை உங்க சபைக்குத்தானே? அதச் செய்யலன்னா உனக்கு எதுக்குடா அங்க ஒரு நாற்காலி?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே, கப்பல்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்று என் பெயரிலேயே தீர்மானம் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் பதினைந்து நாளில் ஓட்டுக்கு விட்டே ஆக வேண்டும், யாரும் அமுக்கி வைக்க முடியாது, சட்டம் அப்படி. நீ சமையலறைக் காலண்டரில் அந்தப் பதினைந்தாம் நாளைச் சிவப்பில் வட்டம் போட்டு, நாளுக்கொரு கோடு போட்டு வருவதாக அத்தான் சொன்னார். உள்ளூர்ப் பேப்பரில் என் படம் வந்தது. சொன்னால் சிரிப்பாய், இருபது பிரதி வாங்கினேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன பன்றி மசோதா வந்தது. நம்ம ஊர்ப் பண்ணைக்காரர்கள் இரண்டு வருஷமாகக் காத்திருக்கும் தீவன மானியம், அதை விவாதத்துக்கு எடுக்கலாம் என்று முதலில் ஒரு நடைமுறைத் தீர்மானம் நிறைவேற வேண்டும், அதை யாரும் படிப்பதில்லை, கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயரை யார் படிக்கிறார்கள்? எங்கள் கட்சிக் கொறடா ஃபெல்டன் என் தோளில் கை போட்டு, "பன்னிக்கு ஓட்டுப் போடுய்யா, நேரமாச்சு" என்றார், நானும் பன்றிக்குத்தானே என்று பச்சைப் பொத்தானை அமுக்கினேன், ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது, எல்லாரும் வந்து கை குலுக்கினார்கள். ஃபெல்டன், "நீதான்யா காப்பாத்தின!" என்று கட்டிப் பிடித்தார். எதைக் காப்பாற்றினேன் என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு வந்தால் என் உதவியாளப் பெண் முகம் வெளுத்து நிற்கிறாள். "சார், கடைசிப் பக்கம் பாத்தீங்களா?" பார்த்தேன். பன்றிக்கெல்லாம் கீழே, பொடி எழுத்தில்: 'போர் தொடர்பான தீர்மானங்களைப் பொறுத்தவரை, இக்கூட்டத்தொடரில் மீதமுள்ள எந்த நாளும் நாளாகக் கருதப்படாது.'

அதாவது அக்கா, இனி நாளே கிடையாது. சூரியன் உதிக்கும், மறையும், அதற்குப் பெயர் நாள் இல்லை. என் தீர்மானம் எட்டாம் நாளில் நிற்கிறது, அங்கேயே நிற்கும். நானே வைத்த செடியை நானே மிதித்துவிட்டேன், அதுவும் சரியாக ஒரே ஓட்டில், அது என் ஓட்டு.

ஞாயிறன்று ஊருக்கு வந்தேன், உன் வீட்டுப் பக்கம் வரத் தைரியம் இல்லை. தேவாலயத்துப் பான்கேக் விருந்துக்குப் போனேன். தட்டை நீட்டினால் பரிமாறிக்கொண்டிருந்த நோர்மா கரண்டியை இறக்கவே இல்லை. "என்ன மெரில், ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வந்தீங்களாக்கும்? கிழமையத்தான் நீங்களே எடுத்துட்டீங்களே, அப்புறம் ஏது விருந்து?" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. பின்னால் நின்ற கிழவர் ஹால்வர் தொப்பியைத் தள்ளிக்கொண்டு, "என் பன்னி மூணு மாசம் மூணு வாரம் மூணு நாள்ல குட்டி போடும் தம்பி. அதுக்கிட்ட வந்து கொஞ்சம் சொல்லிட்டுப் போயேன், நீ சொன்னா அது கேக்குதான்னு பாப்போம்" என்றார். பன்றி மானியம் வாங்கிக் கொடுத்தவனுக்கு அவர் செய்த மரியாதை அது! பாகுகூட ஊற்றாமல் வெறும் பான்கேக்கைத் தின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை அக்கா. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன்.

அன்று ஒரே ஒரு தடவை நீ போனை எடுத்தாய். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நீ, "மெரில், பிரிட்டா பேசினா. கப்பல் திரும்புறத தள்ளிப் போட்டுட்டாங்களாம். எத்தன நாளுன்னு அவளுக்குத் தெரியலயாம். உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாய். சபையில் எத்தனையோ கேள்விகளைச் சமாளித்துப் பழகிய வாய் இது. நீ வைத்துவிட்ட போனிடம்தான் "தெரியாதுக்கா" என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். நாளைக் காலை சபை கூடியதும் எழுந்து நின்று, அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும் என்று பேசப் போகிறேன். கொறடா முறைத்தால் முறைக்கட்டும், அடுத்த தேர்தலில் சீட்டு போனால் போகட்டும். நான் படிக்காமல் ஓட்டுப் போட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். இந்த ஒரு வாக்கையாவது நம்பு.

அத்தானுக்கு என் வணக்கம். நாய்க்கு என் அன்பு. பிரிட்டாவுக்குக் கடவுள் துணையிருக்கட்டும், மாமன் துணையை அவள் எதிர்பார்க்க வேண்டாம்.

என்றும் உன் தம்பி,
மெரில்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஃபெல்டன் உள்ளே வந்தார். நாளைக்குப் பேச எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டேன். "நாளைக்கா? எந்த நாளைக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். நல்ல வேடிக்கைதான் என்று நானும் கூடச் சிரித்தேன் அக்கா. சிரித்துக்கொண்டே அவர் நீட்டிய அடுத்த தீர்மானத்துக்கும் சரி என்று தலையாட்டிவிட்டேன், இது நம்ம ஊர்ப் பாலத்துக்காம். கடைசிப் பக்கத்தை இன்னும் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது. நீ அந்தக் காலண்டரில் கோடு போடுவதை மட்டும் நிறுத்திவிடாதே. நம் குடும்பத்தில் ஒருத்தராவது நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.