தளபதி ட்ராவோக்கும் தேவயானியின் நாற்றங்காலும்

நாற்பத்தாறு வயதில் ஒரு குடும்பஸ்தன் எடுக்கக்கூடாத முடிவை நான் எடுத்தேன். என் கருத்தை உலகத்துக்குச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். கல்யாணம் ஆன இந்த இருபது வருஷத்தில் என் வீட்டில் யாரும் என் கருத்தைக் கேட்டதில்லை. குழம்பு எப்படி இருக்கிறது என்றுகூட என் மனைவி தேவயானி கேட்க மாட்டாள். "உப்பு சரியாத்தான் கீது, சாப்டுங்க" என்று தீர்ப்பையும் அவளே சொல்லிவிடுவாள். உத்திரமேரூரில் நான் மேற்பார்வை பார்க்கிற அரிசி ஆலையிலும் அதே கதைதான். முதலாளி பேசுவார், மெஷின் பேசும், நான் தலையாட்டுவேன்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒருவர் கருத்துக் கேட்டார். செங்கல்பட்டு பெஞ்சமின். 'எட்டாம் கோள்' என்று டிவியில் ஓடும் விண்வெளித் தொடருக்கு ரசிகர்கள் நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதற்கு அவர்தான் தலைவர். தொடரில் வரும் தளபதி ட்ராவோக்குக்குப் பொம்மை வெளிவந்திருந்தது. குழந்தைகள் விளையாடுகிற பொம்மை இல்லை. பெரியவர்கள் வாங்கி, அலமாரியில் வைத்து, தள்ளி நின்று பெருமூச்சு விடுகிற பொம்மை. ஒரு அடி உயரம். முப்பது மூட்டு. நிஜத் துணியில் மேலங்கி. கழற்றி மாட்ட ஹெல்மெட். கையில் லேசர் துப்பாக்கி. யாராவது குறுக்கே போனால் கண் இரண்டும் சிவப்பாக எரியும். தமிழ் டப்பிங் குரலிலேயே கத்தும்: "நில்! யார் நீ? அனுமதி உண்டா?"

"அண்ணே, குழுவுலயே நுணுக்கமா பாக்கறவரு நீங்கதான்" என்றார் பெஞ்சமின். "வாங்கி ஒரு ரிவ்யூ போடுங்க. வித்த ஆன்லைன் கடையோட பேஜ்லயே, போட்டோவோட. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. நல்லா வந்துச்சுன்னா இனிமே நம்ம குழுவுக்கு ரிவ்யூவர் நீங்கதான். ஒண்ணுண்ணே, பொம்ம மேல ஒரு கீறல், ஒரு கறை இருக்கக்கூடாது."

நீங்கதான். அந்த ஒரு வார்த்தையை மூன்று நாள் அசைபோட்டேன்.

தேவயானிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஆலை முகவரிக்கே வரவழைத்தேன். வெள்ளிக்கிழமை டெலிவரிக்காரர் வந்து ஓடிபி கேட்டார். என் போனில் ஒன்றும் வரவில்லை. அவர் தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து, "சொல்லிட்டாங்க சார்" என்று பெட்டியைக் கொடுத்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பெட்டி கைக்கு வந்த சந்தோஷத்தில் என் பெயரைக் கேட்டிருந்தாலே யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் தேவயானி வயலில் இருந்தாள். நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் பிரித்தேன். தளபதியை நிற்க வைத்தேன். மேலங்கியை இரண்டு விரலால் நீவிவிட்டேன். கதவு திறந்தது.

"நில்! யார் நீ? அனுமதி உண்டா?"

இந்த வீட்டில் தேவயானியைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் தளபதி ட்ராவோக்தான்.

"இன்னாங்க இது?"

"எது?"

"கண்ணு செவக்க என்ன மெரட்டுதே, இது."

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்தது. அதுதான் வினை. ஏரி மதகுக்குப் பக்கத்தில் அவள் அப்பா கொடுத்த நிலத்தில் தேவயானி நாற்றங்கால் விட்டிருந்தாள். முளை கட்டின விதையை மயில்கள் கூட்டமாக வந்து பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. ஒரு வைக்கோல் பொம்மை செய்து நடச்சொல்லி அவள் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டு வாரமாக நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வயலுக்குத்தான் வாங்கனேன் தேவயானி. திருஷ்டி பொம்ம. மயில் ஓட்ட."

"எனக்கோசரமா?"

"உனக்கோசரம்தான்."

அவள் என்னைக் கனிவாகப் பார்த்தாள். அந்தக் கனிவுக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

"வைக்கோலுல செய்யச் சொன்னேன். நீங்க பேசற பொம்மயே வாங்கியாந்துகிறீங்க. காலையில மொத வேலையா நட்டுடறேன்."

"இன்னா அவசரம்? திங்கக்கிழம நடலாமே. நல்ல நாளு."

"திங்கக்கிழம வரைக்கும் மயிலு வெரதம் இருக்குமா?"

சனிக்கிழமை நான் பல் துலக்குவதற்கு முன்பே தளபதி வயலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். வாயில் நுரையோடு சைக்கிளை மிதித்தேன். வரப்பில் கால் வைத்ததும் கண்ட காட்சியில் பிரஷ் கையை விட்டு விழுந்தது.

நாற்றங்கால் நடுவே சவுக்குக் கழி. கழியின் உச்சியில் ட்ராவோக். முகமெல்லாம் கரும்புள்ளி, செம்புள்ளி. எட்டாம் கோளின் அரசரே தொட அஞ்சும் அந்தக் கழுத்தில் பழைய செருப்பு மாலை. செருப்பு என்னுடையது. லேசர் துப்பாக்கி இருந்த கையில் விளக்குமாற்றுத் துண்டு. இன்னொரு கையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். முப்பது மூட்டுக்கும் சேர்த்து ஒரே தேங்காய் நார்க் கயிறு. தலையில் ஹெல்மெட்டுக்குப் பதில் பாதிக் கொட்டாங்குச்சி.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஹெல்மெட் எங்க?"

"கோழிக் குஞ்சுக்குத் தண்ணி வச்சிருக்கேன். அளவா கீது."

"தேவயானி, இத எடுத்துடு. பாவம், அவரு..."

"எவரு?"

"இது."

"எடுக்கறதாவது! நட்ட திருஷ்டி பொம்மய அறுப்புக்கு முன்னாடி எடுத்தா வயலுக்கு ஆவுமா? நீங்களே திருஷ்டி பொம்மன்னு சொல்லி வாங்கியாந்துட்டு இப்படிப் பேசலாமா?"

பக்கத்து வயல் பாண்டுரங்கன் மண்வெட்டியோடு வந்து சேர்ந்துகொண்டார். "நைனா, கைய கிய்ய வச்சுடாத. எங்க பெரியப்பா ஒரு தபா நட்ட பொம்மய புடுங்கிட்டாரு. அந்த வருசம் கதிரே வெக்கல."

"பெரியப்பா தண்ணி பாய்ச்சினாரா?"

"அது வேற விசயம்."

அப்போது ஏழு மயில்கள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அலட்டிக்கொண்டு நடந்து வந்தன. தளபதியின் கண் சிவந்தது. "நில்! யார் நீ? அனுமதி உண்டா?" ஏழு மயிலும் ஒரே பாய்ச்சலில் ஏரிக்கரை தாண்டிப் போயின. பாண்டுரங்கன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். தேவயானி என்னைப் பெருமையோடு பார்த்தாள். இருபது வருஷத்தில் முதல் முறை. அதை அனுபவிக்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு மணிக்குள் ரிவ்யூ போட வேண்டும். புள்ளலூரில் ஒரு காதுகுத்துக்குப் போவதாகத் தேவயானி காலையிலேயே பட்டுப்புடவையில் பஸ் ஏறினாள். மூன்று மணிக்கு நான் ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், கோழியிடமிருந்து மீட்ட ஹெல்மெட் மூன்றோடும் வயலில் இறங்கினேன். பொம்மையைப் பிடுங்கப் போவதில்லை. கழியில் இருக்கும்போதே முகத்தைத் துடைத்து, மாலையைக் கழற்றி, ஒரு போட்டோ எடுத்துவிட்டு, திரும்பச் செருப்பை மாட்டிவிடுவது. சாஸ்திரத்துக்கும் குறைவில்லை, ரசிகர் சங்கத்துக்கும் குறைவில்லை.

ஒரு அடி வைத்தேன்.

"நில்! யார் நீ? அனுமதி உண்டா?"

"நாந்தாய்யா, உன்ன வாங்கனவன்."

இன்னொரு அடி வைத்தேன். மறுபடியும் கத்தினார். நான்காவது கத்தலுக்குப் பாண்டுரங்கன் ஓடி வந்துவிட்டார். "யாருடா அது பொம்மய புடுங்கறது?" திடுக்கிட்டுத் திரும்பியதில் கால் வழுக்கி, முழங்கால் வரை சேற்றில் புதைந்து, விழாமல் இருக்கத் தளபதியின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டேன். மேலங்கி கையோடு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வரப்பில் பட்டுப்புடவை.

"இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க?"

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? சேற்றில் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டாம் கோள், பெஞ்சமின், ஆறு மணி, எல்லாம். "எங்கிட்ட ஒருத்தரு கருத்துக் கேட்டாரு தேவயானி. என் வாழ்க்கையில மொத தபா."

"அத்த வெள்ளிக்கெழமயே சொல்றதுக்கு இன்னா? எப்ப சொல்லுவீங்கன்னு நானும் பாத்துக்கினுதான் கீறேன்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அந்தக் கடையில கணக்கு யாரு நம்பர்ல கீது? குக்கர் ரப்பரு வாங்கறப்ப என் நம்பரத்தான போட்டீங்க? ஓடிபி என் போனுக்குத்தான் வந்துச்சு. டெலிவரிக்காரரு கூப்ட்டு, 'தளபதி பொம்ம வந்துகிது, நம்பர் சொல்லுங்கம்மா'ன்னாரு. சொன்னேன்."

எனக்கு அதிர்ச்சியில் இன்னொரு காலும் புதைந்தது.

"சரி, தெரிஞ்சே போச்சு. அந்த ரிவ்யூவயாவது போட வுடு."

"ரிவ்யூ போடு, ரிவ்யூ போடுன்னு அந்தக் கடைக்காரங்க காலையிலேர்ந்து எனக்கு மெசேஜ் மேல மெசேஜ். ஒரே பேஜாரு. புள்ளலூரு பந்தியில ஒக்காந்துக்கினே போட்டுட்டேன்."

"ஒரு ஆர்டருக்கு ஒரு ரிவ்யூதான் எடுக்கும் தேவயானி!"

"அதான் நீட்டா போட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே செருப்பு மாலையோடு தளபதியின் போட்டோ. கீழே ஐந்து நட்சத்திரம். அதற்கும் கீழே என் தேவயானியின் கருத்து:

"பொம்மை நல்லா கீது. ராப்பகலா நிக்குது. சோறு கேக்கல. ஏழு மயில் ஓடிப் போச்சு. தொப்பியில கோழிக்குத் தண்ணி வெக்கலாம். எங்க வூட்ல முன்னாடியே ஒண்ணு கீது. அதுவும் கத்தும், ஆனா அதுக்கு எதுவும் பயப்படாது."

என் சட்டைப் பையில் போன் அடித்தது. பெஞ்சமின். கையெல்லாம் சேறு என்பதால் தேவயானியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே! ரிவ்யூ பாத்தேன். அண்ணி எழுதனதா அது? குழுவே ஆடிப் போயிருக்குது!"

"பெஞ்சமின், அந்தக் கறையெல்லாம் நான் துடைச்சு..."

"துடைச்சிடாதீங்கண்ணே! பொம்ம வாங்கி யூஸ் பண்ணி எழுதன ஒரே ஆளு அண்ணிதான். இனிமே அவங்கதான் நம்ம ரிவ்யூவர். அடுத்த மாசம் வர்ற பொம்மய அவங்க பேருக்கே அனுப்பிடறேன். அண்ணி, கேக்குதா? ஒரு சந்தேகம். வூட்ல இன்னொண்ணு கீதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு எத்தன ஸ்டார் குடுப்பீங்க?"

தேவயானி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். நாற்றங்காலில் இரண்டு காலும் புதைந்து, ஒரு கையில் கோழி ஹெல்மெட்டும் ஒரு கையில் தளபதியின் மேலங்கியுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"ஸ்டாரா? பெட்டி பிரிச்சு இருபது வருசம் ஆவுது தம்பி. இனிமே ரிட்டன் எடுக்க மாட்டாங்கன்னுதான் வச்சிக்கினு கீறேன்."