பிதா சுதன் போட்ட ரத்தக்காட்டேரி

ரத்தக்காட்டேரிக்கு வெயில் ஆகாது. பட்டால் பொசுங்கிப் போகும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் டைரக்டர் குமரேசனுக்கும் தெரியும். ஆனால் ராத்திரி ஷூட்டிங் என்றால் லைட் வேண்டும், லைட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். அதனால் மே மாதத்து உச்சி வெயிலில், மரக்காணம் உப்பளத்தின் நட்டநடுவில், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு ஒரு காட்டேரி நின்றுகொண்டிருந்தது. அது நான்தான்.

"மச்சான், வெயில்னு நினைக்காத. நிலான்னு நினைச்சுக்கோ. கம்ப்யூட்டர்ல நீலக் கலர் அடிச்சா ராத்திரியாயிடும்" என்றான் குமரேசன்.

நினைத்துக்கொண்டேன். நிலா முதுகுத் தோலை உரித்தது.

குமரேசன் கீழ்புத்துப்பட்டுக்காரன். கல்யாண வீடியோ எடுப்பவன். தாலி கட்டுவதையே எத்தனை நாளைக்கு எடுப்பது என்று வெறுத்துப்போய் ஒரு படம் எடுக்கக் கிளம்பினான். படத்தின் பெயர் 'கராத்தே காட்டேரி'. வெளிநாட்டுக் கப்பலில் வந்து மரக்காணம் கரையில் இறங்கும் ஒரு காட்டேரி ஊரார் ரத்தத்தைக் குடிக்கிறது. கராத்தே தெரிந்த ஒரு வாலிபன் அதை உப்பளத்தில் மடக்கிச் சண்டை போட்டு ஒழிக்கிறான். இவ்வளவுதான் கதை.

"காட்டேரிக்கு எப்படிடா கராத்தே தெரியும்?" என்று கேட்டேன்.

"கப்பல்ல மாசக்கணக்கா சும்மாதானே வந்துச்சு? கத்துக்கிச்சு" என்றான்.

என்னை ஏன் தேர்ந்தெடுத்தான் என்றால், பள்ளிக்கூடத்தில் பச்சை பெல்ட் வரைக்கும் கராத்தே கற்றிருந்தேன். (ஊரில் கறுப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். துவைத்தால் சாயம் போகாத பொய் அது ஒன்றுதான்.) இன்னொரு காரணத்தை அவனே சொன்னான்: "உன் மூஞ்சிக்கு மேக்கப் செலவு கம்மி." எனக்கு அப்போது இருபத்தேழு வயது. திண்டிவனத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் வேலை. உள்ளுக்குள் ஒரு பெரிய நடிகன் தூங்கிக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். அவன் தூங்கவில்லை, அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சிக்கலின் பெயர் ரெஜினா. எங்கள் பங்குக் கோயிலில் பாடகர் குழுவில் முதல் வரிசை. நான் கடைசி வரிசை. (சுருதி சேராதவர்களை அங்கேதான் நிறுத்துவார்கள்.) கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் தொடங்கி, ஒருவழியாக வீட்டில் சொல்லி, பெண் பார்க்கிற வரைக்கும் வந்துவிட்டோம். அவளுடைய அப்பா சவரிமுத்து உப்பளம் வைத்திருப்பவர். சுக்கு காப்பியை ஆற்றிக்கொண்டே அன்று ஒன்று சொன்னார்: "பையன் பெருசா சம்பாதிக்கணும்னுலாம் இல்லீங்க. சினிமா கினிமான்னு சுத்தறவனா மட்டும் இருக்கக் கூடாது. என் தம்பி ஒருத்தன் அப்படிப் போயி எங்க குடும்பமே சீரழிஞ்சுது. கோயில் திருவிழா முடியட்டும், யோசிச்சு சொல்றேன்."

நான் தலையை ஆட்டினேன். அடுத்த வாரமே பல்லுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் வயதானவர்களுக்குப் பல்செட் செய்து தருகிறவரிடம் குமரேசன் சொல்லிச் செய்தது. கோரைப்பல் இரண்டும் ஒரு விரல் நீளம். அதைப் பசை வைத்து ஒட்டிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் கழற்ற முடியாது. அங்கி, குமரேசனின் அத்தை மகன் கொடுத்த பழைய வக்கீல் கவுன். முகத்துக்கு வெள்ளைப் பவுடர், வாயோரம் ரோஸ் சிரப்பில் மைதா கலந்து காய்ச்சிய ரத்தம். மொத்தத்தில் ஜாமீன் கிடைக்காத ஆத்திரத்தில் கட்சிக்காரனைக் கடித்துவிட்ட வக்கீல் மாதிரி இருந்தேன்.

கீழ்புத்துப்பட்டில் எல்லா அலங்காரமும் முடித்து, வேனில் ஏற்றி, மரக்காணம் தாண்டியபோதுதான் குமரேசன் சாவதானமாகச் சொன்னான்: "உப்பளத்துக்கு முதல்ல பேசுனவரு முடியாதுன்னுட்டாரு மச்சான். வேற ஒருத்தரு தங்கமான மனுஷன், சரின்னுட்டாரு. சவரிமுத்துன்னு பேரு."

ரெஜினாவின் அப்பாவேதான். இறங்கி ஓடலாம் என்றால், அந்தக் கோலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த பஸ்ஸும் நிற்காது. சரி, இவ்வளவு பவுடருக்குள் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சவரிமுத்து வரப்பில் குடையோடு நின்றார். உப்பு வாருகிற வேலையெல்லாம் வெயில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். அந்த நேரத்தில் உப்பளத்தில் அவரும், லாரிக்கு உப்பு சுமக்கும் நாலைந்து பேரும், நாங்களும்தான்.

"ரெண்டே விஷயம். பாத்தியில செருப்புக் கால் வைக்கக் கூடாது. குவிச்சு வச்சிருக்கற உப்புமேல ஏறக் கூடாது" என்றவர் என்னை உற்றுப் பார்த்தார். "இது யாருப்பா?"

"சென்னை ஆர்ட்டிஸ்ட்டுங்க" என்றான் குமரேசன்.

"அப்படியா சார்? சென்னையில எங்க?"

"வடபழனிங்க" என்றேன். பல்லுக்கு நடுவில் புகுந்து அது எப்படியோ வெளியே வந்தது. குரலை வேறு கட்டையாக்கிக்கொண்டேன்.

"பாவம், இவ்ளோ தூரம் வந்து வெயில்ல காயறாரே" என்று சொம்பு நிறைய மோர் கொடுத்தார். கோரைப்பல் சொம்பின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. பாதி மோர் வக்கீல் கவுனுக்குப் போயிற்று. மனிதர் தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நல்ல மனிதரிடமா இந்த வேலை செய்கிறோம் என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. அதற்குள் "ரெடி!" என்று குமரேசன் கத்தினான்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கேரியரோடு ரெஜினா வந்து சேர்ந்தாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் நிற்கிற விதத்தை மட்டும் ஒருமுறை பார்த்தாள். வரப்பில் என்னைக் கடந்து போகும்போது, குனிந்த தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னாள்: "பல்லு நல்லா இருக்கு. கோயில் பாட்டுக்கும் போட்டுக்கினு வா. சுருதி சேருதான்னு பாப்போம்."

அப்பாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. கேரியரை வைத்துவிட்டு, படம் பார்க்க வந்தவள் போலத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு குடை நிழலில் உட்கார்ந்தாள்.

சண்டை ஆரம்பித்தது. கதாநாயகன் விக்கி புதுச்சேரிப் பையன், நிஜமாகவே கராத்தே தெரிந்தவன். ஆனால் வெறுங்காலில் உப்புமேல் நடந்து பழக்கமில்லை. கல்லுப்பு குத்தக் குத்த அவன் போட்ட குதியாட்டத்தைப் பார்த்துக் குமரேசன், "சூப்பர் ஸ்டெப்பு மச்சான்!" என்று கத்திக்கொண்டிருந்தான். என் வாயோரத்து ரோஸ் சிரப்புக்கு அந்த வட்டாரத்து ஈயெல்லாம் வந்துவிட்டது. நான் கையை வீசியதில் பாதி விக்கிக்கு, பாதி ஈக்கு.

கடைசி ஷாட். விக்கி ஓடிவந்து, வரப்பில் கால் ஊன்றி, பறந்து வந்து உதைக்க வேண்டும். நான் இரண்டு கையாலும் தடுத்து, அவனைச் சுழற்றி எறிய வேண்டும். "கயிறும் கிடையாது, டூப்பும் கிடையாது. கையை மட்டும் எடுத்துடாத மச்சான்" என்று குமரேசன் எச்சரித்திருந்தான். ஆக்‌ஷன் என்றான். விக்கி ஓடி வந்தான். கிளம்பினான். பறந்தான்.

கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

வேதக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடுப்பகல் மணி மூவேளை செபத்துக்கான மணி. அது கேட்டால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, நின்று, நெற்றியில் சிலுவை போட்டுச் செபம் சொல்ல வேண்டும். அப்படிச் சிலுவை போடுவதைத்தான் பிதா சுதன் போடுவது என்று நாங்கள் சொல்வோம். என் அம்மா இதை எனக்குப் பால்குடி நாளிலிருந்தே பழக்கியிருந்தாள். இதில் மூளைக்கு வேலையே இல்லை. மணி காதுக்குப் போகும், கை நெற்றிக்குப் போகும்.

போயிற்று.

பறந்துகொண்டிருப்பவனை நில்லு என்று சொன்னால் நிற்பானா? பிதா என்று நெற்றியைத் தொட்டேன். சுதன் என்று நெஞ்சைத் தொட்டேன். இடது தோளிலிருந்து வலது தோளுக்குக் கை போவதற்குள் விக்கியின் குதிகால் நெஞ்சில் இறங்கியது. ஆமென் மட்டும் பாத்தித் தண்ணீருக்குள் சொன்னேன். ஒரு கோரைப்பல் பிய்த்துக்கொண்டு போய் எங்கேயோ உப்புக் குவியலில் விழுந்தது. (இன்றுவரை கிடைக்கவில்லை. கல்லுப்பு வாங்குகிறவர்கள் பார்த்துப் போடவும்.)

நிமிர்ந்து பார்த்தேன். சவரிமுத்து குடையை மடக்கிவிட்டு, கை குவித்து, செபம் சொல்லிக்கொண்டிருந்தார். கண் மட்டும் என்மேல் இருந்தது. செபத்துக்கு நடுவில் அசையக் கூடாது என்பதும் அம்மா பழக்கியதுதான். அதனால் நானும் அசையவில்லை. உப்புத் தண்ணீரில் மல்லாக்கப் படுத்தபடியே, முழுச் செபத்தையும் அவரோடு சேர்ந்து சொல்லி முடித்தேன். முதுகில் உரிந்திருந்த இடமெல்லாம் உப்பு எரித்த எரிச்சல் இருக்கிறதே, அப்பப்பா! ரெஜினாவும் கண்ணை மூடிச் செபம்தான் சொன்னாள். ஆனால் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

செபம் முடிந்தது. சவரிமுத்து பாத்தியில் இறங்கி நிதானமாக என்னிடம் வந்தார்.

"வடபழனி ஆர்ட்டிஸ்ட்டே, நம்ம கோயில்ல எந்த வருஷம் புதுநன்மை வாங்குனீங்க?"

(சின்ன வயதில் முதல் முறையாக நற்கருணை வாங்குவதுதான் புதுநன்மை.) ஏதாவது ஒரு வருஷத்தை யோசித்தேன். அதற்குள் தண்ணீர் பவுடரைக் கழுவிவிட்டிருந்தது.

"டேய்... நீ சூசை புள்ளதானே?"

அவ்வளவுதான். ஒன்றும் திட்டவில்லை. குடையை விரித்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம். வேனில் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒற்றைக் கோரைப்பல்லோடு காட்டேரி அழுவதைக் குமரேசன் படம் பிடித்தான், பாவி.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்திருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பேய் வேஷம் போட்டதுகூடப் போவட்டும்டா. செபத்துல போய்ப் படுத்துக்கினியே!"

மறுநாள் சாயங்காலம் சவரிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். சம்பந்தம் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வந்திருக்கிறார் என்று அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என் தம்பி சினிமாவுக்குப் போனது எனக்குப் பெருசில்லீங்க" என்றார். "காலேஜுல படிக்கறேன் படிக்கறேன்னு எங்ககிட்ட நடிச்சான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. கடைசி வரைக்கும் எங்களால கண்டுபுடிக்கவே முடியல. அவ்ளோ நல்ல நடிகன்." பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "உங்க புள்ள அப்படி இல்ல. ஒரு மணி அடிச்சா வேஷம் கலைஞ்சுபூடுது. இவனால யாரையும் ஏமாத்த முடியாதுங்க. என் பொண்ணுக்கு இது போதும்."

கதவுக்குப் பின்னால் சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று தெரியாமல் நின்றேன். நடிக்கத் தெரியாது என்ற ஒரே தகுதிக்காகப் பெண் கிடைத்த நடிகன் அனேகமாக நான் ஒருவன்தான்.

படம் இணையத்தில் வந்தது. இன்னொரு டேக் எடுக்க விக்கியின் கால் இடம் கொடுக்காததால், குமரேசன் அந்த ஷாட்டையே வைத்து, பின்னால் வயலினைப் போட்டு, காட்டேரி மனம் திருந்திவிட்டதாகக் கதையை மாற்றிவிட்டான். மனம் திருந்திச் செபம் சொல்கிற காட்டேரியைப் போய் உதைக்கிறானே படுபாவி என்று பார்த்தவர்களெல்லாம் விக்கியைத் திட்டினார்கள். எங்கள் பங்குச் சாமியார் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், "மணி அடிச்சா காட்டேரிகூட நிக்குது, நீங்க செல்போனை எடுக்கறீங்க" என்றார். கோயிலே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் வீட்டில் என்னால் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல முடிவதில்லை. போன வாரம் ஷோரூம் மேனேஜர் போன் செய்தார். நான் சாப்பாட்டு மேஜையில் இரண்டாவது தோசையில் இருந்தேன்.

"வந்துட்டே இருக்கேன் சார். பெருமுக்கல் தாண்டிட்டேன், இதோ திண்டிவனம்" என்றேன்.

அடுப்படியிலிருந்து ரெஜினா, கரண்டியால் பித்தளைச் சொம்பில் ஒரே ஒரு தட்டு தட்டினாள். டங்!

கை நெற்றிக்குப் போயிற்று. போன் அந்தக் கையில்தான் இருந்தது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று மேனேஜரையும் ஒரு சுற்றுக் கூட்டிப் போய் வந்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னப்பா சத்தம்? எங்க இருக்கே?" என்றார் அவர்.

"வீட்லதான் சார். தோசை சாப்பிட்டுக்கினு இருக்கேன்" என்றேன்.