கிணற்றுக்குக் குடை பிடித்தவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, இப்போது மறதி வேறு. முன்னது பின்னதாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே, வானத்தைப் பார்த்து "இப்ப வந்துறாத தாயி" என்று மழையைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பப் பார்த்த ஒரே மனிதர் எக்கோ அண்ணாச்சிதான்.

அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. பாளையம்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை. கல்யாணம், கோயில் கொடை, எங்கள் சர்ச் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் அவருடையது. இளவயதில் பம்பாயில் ஏதோ ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வயர்மேனாக இருந்தாராம். அங்கே ராக் மியூசிக் என்று ஒன்றைக் கேட்டதிலிருந்துதான் ஆள் இப்படி ஆகிவிட்டார் என்பார்கள். கடைச் சுவரில் தோள்வரை முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் படம் ஒட்டியிருக்கும். அவர்களை வடநாட்டுச் சாமியார்கள் என்றே நான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

ரேடியோ கரகரக்கிறது என்று போனவரிடம்கூட அவர் எக்கோவைப் பற்றித்தான் பேசுவார்.

"வெள்ளைக்காரன் பாட்டு ஏன் நெஞ்சுல இடிக்குது தெரியுமாய்யா? காலி ரூம்ல ஒரு ஸ்பீக்கர வச்சு, பாட்ட அதுக்குள்ள விடுவான். சுவத்துல முட்டித் திரும்பி வர்ற சத்தத்த இன்னொரு மைக்க வச்சுப் புடிப்பான். ரெண்டையும் சேத்து டேப்புல ஏத்துனா, அதான் பாட்டு!"

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி, என் ரேடியோ?"

"அதுக்கு வால்வு போச்சு. வித்துருங்க."

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவர் எப்படிச் சத்தம் திருப்புகிறது என்று பார்க்க, பட்டென்று ஒரு தடவை கை தட்டுவார். ஒருமுறை துட்டி வீட்டிலும் தட்டிவிட்டார். பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கூரையை அண்ணாந்து பார்த்து, "காரை வீடு. ஆனா ஜன்னல் சாஸ்தி" என்று சொல்லிவிட்டுத்தான் மாலையைப் போட்டார்.

இன்னொரு முறை தாளம் ஒரே சீராக வரவேண்டும் என்று, மேளம் பதிந்த டேப்பைச் சவர பிளேடால் வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி, பெரிய வளையமாக்கினார். அது மெஷினிலிருந்து புறப்பட்டு, வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து, ஒரு செம்பைச் சுற்றிக்கொண்டு திரும்பக் கடைக்குள் போனது. அந்த வழியாக வந்த வெள்ளாடு அதைக் கடித்து இழுத்தது.

"ஏய், என் தாளத்தத் தின்னுட்டு நிக்கிது பாரு!" என்று அண்ணாச்சி கத்த, ஆட்டுக்காரம்மா அதைவிடக் கத்தினார்: "ஆட்டுக்கு வயித்தால போச்சுன்னா உம்மத்தான் புடிப்பேன்!"

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் சபையார் கிறிஸ்துமஸ் கேசட் எடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். எண்பதுகளில், தொடர்ந்து மழை பொய்த்த சமயம் அது. பாடகர் குழுவில் நான் கடைசி வரிசையில், முக்காட்டுக்குள் பாடுகிறவள். அண்ணாச்சி மைக்கை நீட்டிக்கொண்டே பின்னால் வந்து, என்னிடம் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, நீ ஒரு பாட்டு தனியாப் பாடணும்."

ஆள் பார்த்தால் எனக்குப் பாட்டே வராது. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவர் ஒரு வாரம் யோசித்தார் போலிருக்கிறது. திடீரென்று ஒருநாள் எங்கள் புஞ்சைக் காட்டில் வந்து நின்று, வறண்டு கிடந்த எங்கள் கிணற்றுக்குள் தலையை விட்டு "ஏலே!" என்றார். கிணறும் "ஏலே… ஏலே…" என்றது. கிணற்றைத் தடவிக் கொடுத்தார், மாட்டைத் தடவுவது மாதிரி.

அவருடைய திட்டம் இதுதான். நான் பம்புசெட் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பாட வேண்டும். என் குரல் வயர் வழியாகக் கிணற்றின் அடியில் இருக்கும் ஸ்பீக்கருக்குப் போகும். கிணற்று வாயில் தொங்கும் மைக் அதைப் பிடிக்கும். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணிதான் வரல. பாட்டாச்சும் வரட்டும் அண்ணாச்சி" என்றார்.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால் நானும் சம்மதித்தேன். ஆனால் அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. மழை பெய்து கிணற்றில் தண்ணீர் ஊறினால் எக்கோ போய்விடும். ஊரே வானத்தைப் பார்த்துக் கையேந்தி நிற்க, இவருக்கு மட்டும் மேகத்தைக் கண்டாலே முகம் செத்துப்போகும். அந்த ஞாயிறு, பாஸ்டரய்யா மழைக்காக ஜெபிக்க ஆரம்பித்ததும் மைக் செத்தது. கரண்ட் இருந்தது, ஃபேன் சுற்றியது. மைக்செட் பக்கம் பார்த்தால், அண்ணாச்சி எதுவும் தெரியாதவர் போல ஜன்னலுக்கு வெளியே காக்காய் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் இல்லாமலே ஆண்டவருக்குக் கேட்டுவிட்டது.

மறுநாள் பதிவு. பம்புசெட் அறையில் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கடைசிச் சரணத்தில் என்னவோ சலசலப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே மழை கொட்டுகிறது. அண்ணாச்சி சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, தன் குடையைக் கிணற்று வாய்க்கு நேராக, மைக்குக்கு மேலே எட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொரு கையின் விரல் உதட்டின்மேல். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமே வராமல் சகதியில் குதித்து ஆடுகிறார். இத்தனை காலம் கழித்து மழையைப் பார்த்தவருக்கு ஒரு சத்தம் போட அனுமதி இல்லை!

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் புத்தி பேதலித்துவிட்டதா என்று ஒன்றும் புரியாமல் பாட்டை முடித்தேன். அப்புறம்தான் "மழ! மழ!" என்று என் வீட்டுக்காரர் போட்ட சத்தம் பந்தல்குடி வரைக்கும் கேட்டிருக்கும்.

டேப்பைப் போட்டுக் கேட்டோம். என் குரல் கிணற்றுக்குள் போய்ப் போய்த் திரும்பியது, எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசிச் சரணத்தில் மட்டும் அதன்மேல் பட பட பட என்று குடைத் துணியில் மழை விழும் சத்தம். அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"குடைக்கு மேல சாக்கப் போட்டிருக்கணும். முட்டாப்பய நான்!"

மறுபடி எடுக்க வழியில்லை, கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. கேசட் வெளிவந்தது. மழை போட்ட பாட்டு நன்றாயிருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அண்ணாச்சிக்கு அது ஆறவில்லை. பஸ்ஸில், சந்தையில், எங்கே என்னைக் கண்டாலும், "தங்கச்சி, அந்தக் குடை…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விடுவார். அப்படியே பல வருஷம்.

பிறகு அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் ஸ்டூடியோ வந்தது. பழைய கேசட்டை சிடியாக மாற்றித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சபைக்காக நானும் அண்ணாச்சியும் போனோம். அங்கிருந்த தம்பி, டேப்பில் சத்தம் கோடு மாதிரி இருக்கும், கம்ப்யூட்டர் அதை எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும் என்றார். அப்படியானால் என் பாட்டு என்ன எண் என்று கேட்டேன். தம்பி சிரித்தார். இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தப் பெட்டியில எக்கோ உண்டா தம்பி?"

"இருக்குய்யா. பட்டனத் தட்டுனா வரும். ஹால் இருக்கு, சர்ச் இருக்கு, குகை இருக்கு."

"கிணறு?"

தம்பி தேடினார். "கிணறு… இல்லய்யா."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், சட்டசபைத் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி! ஆனால் அடுத்த நிமிஷமே தம்பி சொன்னார்: "கடைசியில படபடன்னு ஒரு சத்தம் கேக்குது. எடுத்துரலாமா?"

அண்ணாச்சி எழுந்தே விட்டார். "எடுக்க முடியுமா? எடுத்துரு ராசா, எடுத்துரு!"

தம்பி என்னவோ செய்தார். குடைச் சத்தம் துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், முதுகிலிருந்து மூட்டையை இறக்கியவர் மாதிரி. எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. கிணற்றடியில் யாருமே இல்லாத இடத்தில் நான் மட்டும் பாடுவதுபோல இருந்தது.

"வேணாம்" என்றேன். கடைக்கே கேட்கும்படி வந்துவிட்டது.

"ஏந்தாயி? அது என் தப்புல்லா?"

"இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. பழையபடி வைக்கச் சொல்லுங்க."

அவர் குழம்பிப்போய் என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அவுக சொல்றபடி செய்யி" என்றார். அதன்பிறகு என்னிடம் அவர் குடைப் பேச்சை எடுத்ததே இல்லை.

இப்போது அண்ணாச்சி இல்லை. அனலாக் எது டிஜிட்டல் எது என்று நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். வால்வு ரேடியோவா வேறா, பம்பாயில் அவர் இருந்தது எந்த ஸ்டூடியோ, எல்லாவற்றையும் விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிச் சரணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது அவுக குடை.